குச்சிப்பூச்சியை அதன் செடியோடு சேர்த்துப் படம் எடுப்பது எப்படி? (செண்பகனூர் பக்கம் போகிறேன்)

வத்தலக்குண்டு_வாசி

அடுத்த மாதம் கொடைக்கானலில் சில நாள் தங்கப் போகிறேன். செண்பகனூருக்குக் கொஞ்சம் கீழே நண்பர் ஒருவரின் வீடு, சுற்றிலும் பழைய தோட்டம், வேலி முழுக்கப் புதர். குச்சிப்பூச்சி அடிக்கடி கண்ணில் படுவதாகத் தோட்டக்காரர் சொல்கிறார். பட்டாம்பூச்சி, தட்டான், சிலந்தி எல்லாம் ஓரளவு எடுப்பேன். குச்சிப்பூச்சி எனக்குப் புதிது.

சந்தேகம் இதுதான். தட்டான் படத்தில் பூச்சி பளிச்சென்று தெரிய வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் மங்க வேண்டும். குச்சிப்பூச்சியோ யார் கண்ணிலும் படாமல் இருப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறது. அதைப் பளிச்சென்று காட்டினால் அதன் வித்தையே படத்தில் இல்லாமல் போகிறது. காட்டாமல் விட்டால் பார்க்கிறவர் "நல்ல புதர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கையில் இருப்பது கிராப் சென்சார் (கொஞ்சம் சிறிய சென்சார்) கேமரா, கிட்டத்தில் எடுக்க 90 எம்எம் மேக்ரோ லென்ஸ், ஒரே ஒரு ஃப்ளாஷ். ட்ரைபாட் உண்டு, ஆனால் கனம்.

மேக்ரோமணி

இதில் குழப்பமே வேண்டாம். இரவில் போங்கள், டார்ச் அடியுங்கள், கிடைத்ததற்கு ஃப்ளாஷ் போடுங்கள். பின்னணி தானாகக் கறுத்துவிடும், பூச்சி மட்டும் தனியாக நிற்கும். கண், உணர்கொம்பு, கால் மூட்டு எல்லாம் சுத்தமாக வரும்.

பகலில் போனால் தேடியே பொழுது போய்விடும். கிடைத்தாலும் காம்போடு காம்பாக ஒட்டிக் கிடக்கும். முன்னங்கால் இரண்டையும் நேராக முன்னால் நீட்டி, தலையை நடுவில் வைத்துக்கொள்ளும். அந்தக் கால்களின் அடிப்பகுதியில் தலை உட்காருவதற்கென்றே ஒரு வளைவு உண்டு, அவ்வளவு கச்சிதம். அப்போது தலை எங்கே, கால் எங்கே என்று எடுத்தவருக்கே தெரியாது.

அபர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் மேனுவலில் 1/8. அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டிஃப்யூசர் (ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் மறைப்பு) பெரிதாக இருக்கட்டும்.

பச்சையம்

மணி, உங்கள் படங்களை ரசிப்பவள்தான் நான். ஆனால் கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கும் பூச்சி எந்த மலையில் இருந்தது, எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒன்றும் தெரிவதில்லை. வீட்டு மேசையில் வைத்து எடுத்தது என்று சொன்னாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

குச்சிப்பூச்சிகள் எல்லாமே இலை தின்பவை. பூ, தேன், வேறு பூச்சி எதுவும் வேண்டாம். அதனால் அது உட்கார்ந்திருக்கும் செடிதான் பெரும்பாலும் அதன் சாப்பாடு, வீடு, ஒளிவிடம் மூன்றும். அதை வெட்டிவிட்டுப் பூச்சியை மட்டும் காட்டினால் பாதிக் கதை போச்சு.

மேக்ரோமணி

அக்கா, படக்குறிப்பில் செடியின் பெயரைப் போட்டால் தீர்ந்தது.

பச்சையம்

பெயர் தெரிந்தால்தானே போடுவீர்கள்? போன தடவை "ஏதோ காட்டுச் செடி" என்று போட்டிருந்தீர்கள்.

கிச்சா

😂😂 அக்கா விடமாட்டாங்க போல

லேப்_எலி

செண்பகனூர் என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது இந்தப் பூச்சி உலகத்தில் சாதாரண ஊர் இல்லை.

உலகம் முழுக்கப் பள்ளிக்கூட ஆய்வகங்களில், பல்கலைக்கழகங்களில், பிள்ளைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்களே "இந்தியக் குச்சிப்பூச்சி", கராசியஸ் மோரோசஸ், அது பழனி மலைப் பூச்சி. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் செண்பகனூர்ப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. சினெட்டி என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1901இல் அதை விவரித்துப் பெயர் வைத்தார். பழைய புத்தகங்களில் டிக்சிப்பஸ் மோரோசஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

அது இத்தனை ஊருக்குப் பரவியதற்குக் காரணம், ஆண் தேவையில்லை. பெண் தனியாகவே முட்டை போடும், அதிலிருந்து பெண் குஞ்சுகள் வரும். ஆண் பிறப்பது மிக அபூர்வம். ஒரே ஒரு பூச்சி தப்பினாலும் போதும், கூட்டம் உருவாகிவிடும். கலிஃபோர்னியாவில், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், அசோர்ஸ் தீவுகளில் எல்லாம் அப்படித் தப்பிப் போய்க் குடியேறியிருக்கிறது. ஜெர்மனியில் பீல்ஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இதன் நடையைப் படித்து ஆறு கால் ரோபோவே செய்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இதற்கு ஐவிக் கொடி, பிரிவெட் என்ற வேலிச்செடி, பிராம்பிள் என்ற முட்புதர், இவற்றின் இலையைத்தான் போடுவோம். அவை எல்லாம் ஐரோப்பியருக்குக் கைக்கு எட்டிய செடிகள். நீங்கள் இணையத்தில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை அந்த இலைகளின் மேல் எடுத்தவைதான். தன் சொந்த மலையில், தானே தேர்ந்தெடுத்த செடியில், கடித்த இலையோடு ஒரு படம் கிடைத்தால் எனக்கு அது போட்டியில் பரிசு வாங்கிய படத்தை விடப் பெரிது. இந்த விஷயத்தில் நான் பச்சையம் அக்கா கட்சி.

படம் எடுக்கிறவருக்குப் பயன்படும் இரண்டு தகவல். ஒன்று, கராசியஸின் பழுப்பு வகை நிறம் மாறும். தோலின் செல்களுக்குள் நிறமித் துகள்கள் நகர்வதால் பகலில் வெளிறியும் இரவில் கருத்தும் இருக்கும். பச்சை வகை இப்படி மாறாது. அதனால் இரவுப் படம் இருட்டாக இருக்கிறது என்று கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிவிடாதீர்கள், அன்றைய இரவில் அது நிஜமாகவே அந்த நிறம்தான். இரண்டு, வளர்ந்த பெண்ணின் முன்னங்கால் உட்புறத்தில், உடலோடு சேரும் இடத்தில், செக்கச்செவேலென்று ஒரு திட்டு இருக்கும். கால் நீட்டியிருக்கும்போது தெரியாது. தானாக நடக்கும்போது கால் விரியும் ஒரு நொடியில் கிடைக்கும்.

வத்தலக்குண்டு_வாசி

இவ்வளவு கதை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சரி, கண்டுபிடிப்பது எப்படி? தோட்டக்காரர் "இருக்கும் சார், இங்கேதான் இருக்கும்" என்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிகிறது, என் கண்ணுக்குத் தெரியாது.

மேடுபள்ளம்

நான் தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன். பூச்சியைத் தேடாதீர்கள், அது விட்டுப்போனதைத் தேடுங்கள்.

பகலில் வேலியோரமாக நடந்து இலை ஓரங்களைப் பாருங்கள். வெட்டுக்கிளி கண்ட இடத்தில் கிழிக்கும், புழு ஓட்டை போடும். குச்சிப்பூச்சி இலையின் விளிம்பில் தொடங்கி வளைவு வளைவாக உள்ளே தின்றுகொண்டு போகும். (புழுக்களில் சிலதும் அப்படித் தின்னும், அதனால் இது மட்டும் போதாது.) அப்புறம் அதற்கு நேர் கீழே உள்ள இலைகளில் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த குட்டிக் குட்டி உருளைகளாகக் கிடக்கும். கடிபட்ட ஓரம் பச்சையாக ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி வேலை. அந்தச் செடியில் ஒரு நூல் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். இருட்டியபின் நேராக அங்கே போனால் போதும்.

டார்ச்சை நெற்றியில் கட்டினால் எல்லாம் தட்டையாகத் தெரியும். கையில் பிடித்து, புதரின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். குச்சியின் நிழல் ஒன்றாக விழும், பூச்சிக்கு ஆறு கால் நிழல் சேர்ந்து விழும். இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தலைகீழாகத் தொங்கித் தின்றுகொண்டிருக்கும்.

லேப்_எலி

எச்சத்தைப் பார்த்துத் தேடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் ஒரு பெரிய குச்சிப்பூச்சி இருந்தது. 1918இல் ஒரு கப்பல் தரைதட்டி அதிலிருந்து எலிகள் இறங்கின, சில ஆண்டுகளில் பூச்சி அழிந்துபோனதாக முடிவு கட்டினார்கள். 2001இல் பக்கத்தில் கடலுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் பால்ஸ் பிரமிட் பாறையில் ஒரு குழு ஏறியது. பகலில் ஒரு புதருக்கு அடியில் புதிய எச்சம் மட்டும் கிடைத்தது. பூச்சி இரவில்தான் வெளியே வரும் என்று தெரிந்ததால் இருட்டில் டார்ச்சோடு மறுபடி ஏறினார்கள். மெலலூக்கா புதரில் உயிரோடு இருந்தது. மொத்தம் 24 பூச்சிகள். மேடுபள்ளம் அண்ணன் சொல்வது அதே முறைதான்.

மேடுபள்ளம்

அட, நம்ம முறை ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்கா 🙂

இன்னொரு விஷயம், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882 இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயமும்கூட. சட்டத்தை விடுங்கள், காட்டெருமை இருக்கிறது. கொடைக்கானலில் அது ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். டார்ச் வெளிச்சத்தை இலையடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கும்போது பின்னால் பெருமூச்சு கேட்டால் ஓடவும் இடம் இருக்காது. நண்பர் வீட்டுத் தோட்டமே போதும், வேலிக்கு உள்பக்கமாகவே நில்லுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை சுற்றிலும் பார்ப்பது மட்டும்.

அட்டைக்கு, காலுறையில் மூக்குப்பொடி. எங்கள் தோட்டத்தில் அதுதான். கையைப் புதருக்குள் விடும் முன் பாருங்கள், குச்சிப்பூச்சி தேடும் அதே கிளையில் விரியனும் சுருண்டிருக்கும்.

சுள்ளி

நான் செய்வது வேறு. புதருக்குள் கசகசவென்று இருக்கும் இடத்தில் எதற்குப் போராட வேண்டும்? பூச்சியை மெதுவாக எடுத்து ஒரு தனிக் கிளையில் விடுவேன். பின்னணியில் ஒரு அடி தள்ளி வாழையிலை. பளபளவென்று பச்சைப் பின்னணியோடு வரும். முடிந்ததும் பழைய இடத்தில் விட்டுவிடுவேன். பூச்சிக்கு ஒன்றும் ஆகாது.

பச்சையம்

ஆகும். குச்சிப்பூச்சியைப் பிடித்து இழுத்தால் காலைத் தானே கழற்றிவிடும். பல்லி வாலை விடும் அதே கணக்கு. குஞ்சாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி வளரும். வளர்ந்த பூச்சி அதற்கு மேல் தோலுரிக்காது, போன கால் போனதுதான்.

அதைவிட, நீங்கள் விட்ட தனிக் கிளை என்ன செடி? அதில் எடுத்த படத்தை யாராவது பார்த்து "இந்தப் பூச்சி இந்தச் செடியில் வாழும்" என்று எழுதி வைத்தால்? ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் பதிவுத் தளங்களில் படம் போட்டால் பார்ப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சுள்ளி

நான் அங்கே எல்லாம் போடுவதில்லை. சுவரில் மாட்டத்தான் எடுக்கிறேன். சுவரில் மாட்டும் படத்துக்குச் செடியின் பெயர் எதற்கு?

மேக்ரோமணி

இதில் நானும் சுள்ளிக்கு எதிர்தான். கறுப்புப் பின்னணி என் ரசனை, ஆனால் பூச்சியை நான் தொடுவதில்லை. அது இருந்த இடத்தில் அமையாவிட்டால் அடுத்ததைத் தேடிப் போவேன்.

தோலுரிக்கும் பூச்சி கிடைத்தால் இன்னும் ஜாக்கிரதை. தலைகீழாகத் தொங்கி, பழைய தோலிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கிளை ஆடி விழுந்தால் கால் கோணிக்கொண்டு அப்படியே இறுகிவிடும், பிழைக்காது. தள்ளி நின்று எடுங்கள், பக்கத்து இலையைக்கூட விலக்காதீர்கள். வெளியே வந்து காய்ந்ததும் தன் பழைய தோலையே தின்னும், அதுவும் எடுக்க வேண்டிய காட்சி.

வத்தலக்குண்டு_வாசி

சரி, தொடப் போவதில்லை. ஆனால் தொடாமல், செடியும் தெரிய, இரவில், ஒரே ஃப்ளாஷை வைத்துக்கொண்டு எப்படி? ஃப்ளாஷ் அடித்தாலே பின்னால் கறுப்புதானே வருகிறது.

மேக்ரோமணி

அக்காவுக்காக இதை விவரமாகவே எழுதுகிறேன்.

பின்னணி ஏன் கறுக்கிறது? ஃப்ளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பூச்சி 15 செ.மீ. தூரத்தில், பின்னால் உள்ள இலை 60 செ.மீ. தூரத்தில் என்றால், தூரம் நான்கு மடங்கு, வெளிச்சம் 16இல் ஒரு பங்கு. அதாவது நான்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி). பூச்சிக்குச் சரியாக இருந்தால் இலை ஏறக்குறைய கறுப்பு. ஃப்ளாஷின் பவரைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும், பயன் இல்லை.

சுலபமான வழி, நிற்கும் கோணத்தை மாற்றுவது. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இலை இருக்கும்படி நகர்ந்து பாருங்கள். ஃப்ளாஷையும் லென்ஸின் மேலேயே வைக்காமல் கேபிள் போட்டுக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். 30 செ.மீ. தூரத்தில் பூச்சி, 50 செ.மீ. தூரத்தில் இலை என்றால் வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான். இலை கருக்கலாக, ஆனால் இலையாகத் தெரியும். ஃப்ளாஷ் தள்ளிப்போகப் போக வெளிச்சம் கடினமாகும், அதனால் டிஃப்யூசரைப் பெரிதாக்க வேண்டும். நான் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக வளைத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கே பிடித்த வழி, அந்தி. சூரியன் இறங்கி, வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும் கால்மணி நேரம். பூச்சிகள் அப்போதுதான் அசைய ஆரம்பிக்கும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/15 மாதிரி மெதுவாக வைத்தால் புதரும் வானமும் அந்த மீதி வெளிச்சத்திலேயே பதிவாகும். ஃப்ளாஷைக் குறைந்த பவரில் பூச்சிக்கு மட்டும் கொடுங்கள். காற்று இருந்தால் ஃப்ளாஷ் விழுந்த உருவம் கூர்மையாகவும் அதைச் சுற்றி லேசாக ஒரு நிழல் ஆட்டமும் வரும், அதைத் தவிர்க்க முடியாது. மலையில் சாயங்காலம் காற்று அடங்கும் நேரம் ஒன்று வரும், அதற்குக் காத்திருங்கள்.

அடுத்தது ஆழம், அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் கூர்மையாக விழும் என்பது. வளர்ந்த கராசியஸ் உடம்பு சுமார் 8 செ.மீ., முன்னங்காலையும் நீட்டினால் 12 செ.மீ. ஆகும். உங்கள் கிராப் சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. ஆக, முழுப் பூச்சி அடங்க 0.2 மடங்குக்கும் சற்றுக் குறைவான உருப்பெருக்கமே போதும். அந்த அளவில் எஃப் 11க்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். மேக்ரோ என்றாலே ஒன்றுக்கு ஒன்று (பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே போனால் ஆழம் ஒரு மி.மீ. பக்கம்தான், தலை மட்டும்தான் அடங்கும். கேமராவின் பின்பக்கம் பூச்சியின் உடம்புக்கு இணையாக இருக்கட்டும். உடம்பு குச்சிதானே, இணையாகப் பிடித்துவிட்டால் தலை முதல் வால் வரை கூர்மையாக வரும். கால்கள் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது) செய்யலாமா என்று கேட்பீர்கள். பகலில், அசையாமல் கிடக்கும்போது சரி. இரவில் மூச்சுக்காற்று பட்டாலே இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிடும். காற்றில் குச்சி ஆடுகிறதாம். ஆட்டத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள்.

பச்சையம்

இதைத்தான் கேட்டேன் 🙏 அந்தி வெளிச்சத்தில் எடுத்த ஒன்றைப் போடுங்கள், நானும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

கைபேசிக்கண்ணன்

கேமரா இல்லாதவர்களும் இருக்கிறோம்.

போனில் உள்ள அல்ட்ராவைடு மேக்ரோ குச்சிப்பூச்சிக்கு உண்மையிலேயே நன்றாக அமையும். காரணம், அது கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், அதே சமயம் பின்னால் இருக்கும் புதர், பாதை, மலை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுப் பூச்சி வேண்டுமானால் ஒரு சாண் தள்ளி, தலை பெரிதாக வேண்டுமானால் இரண்டு மூன்று விரல் தூரத்தில். போனின் நிழல் பூச்சி மேல் விழாமல் பக்கவாட்டிலிருந்து வாருங்கள். போனில் இருக்கும் ஃப்ளாஷைத் தொடவே வேண்டாம், இலையெல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும். இன்னொரு போனின் டார்ச் மேல் டிஷ்யூ தாள் சுற்றி, கூட வந்தவரிடம் கொடுத்துப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேமராக்காரர்களுக்கு இதே மாதிரி வேண்டுமானால் லாவோவா 15 எம்எம் மேக்ரோ இருக்கிறது. ஆனால் அதில் ஒன்றுக்கு ஒன்று போனால் லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. அதையும் ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுப்பதுதான் உத்தமம்.

வத்தலக்குண்டு_வாசி

இந்த அகலக் கோணம் என் முதல் கேள்விக்கும் பதில் மாதிரி இருக்கிறதே. முதல் பார்வைக்குப் புதர், இரண்டாவது பார்வைக்குப் பூச்சி.

கைபேசிக்கண்ணன்

ஆமாம். ஆனால் கண் போய்ச் சேர ஏதாவது ஒரு பிடி கொடுக்க வேண்டும். பூச்சியின் தலைக்குப் பின்னால் மட்டும் வானமோ வெளிறிய இலையோ வரும்படி வைப்பேன். உடம்பு புதரில் கலந்திருக்கும், தலையும் உணர்கொம்பும் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். பார்ப்பவர் தலையைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தானே தேடிக் கண்டுபிடிப்பார்.

ஹட்டன்காரன்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலைப்பக்கம் குச்சிப்பூச்சியும் உண்டு, அதன் சொந்தக்காரரான இலைப்பூச்சியும் உண்டு. கொய்யா மரத்தில் பார்க்கலாம். இலைப்பூச்சியை மேலிருந்து படம் பிடித்தால் வெறும் பச்சைத் தகடு. அது பகலில் இலைக்கு அடியில் தொங்கும், ஆகவே நீங்களும் கீழே குந்தி, வெயில் அதன் வழியாக ஊடுருவி வரும்படி மேல்நோக்கிப் பிடியுங்கள். உடம்பில் நரம்பு மாதிரி ஓடும் கோடுகள், ஓரத்தில் காய்ந்த இலை போன்ற பழுப்பு எல்லாம் பக்கத்தில் இருக்கும் கொய்யா இலையோடு ஒத்துத் தெரியும். தட்டையான உடம்பு என்பதால் ஆழப் பிரச்சினையும் இல்லை. பின்வெளிச்சம் குச்சிப்பூச்சிக்கும் உதவும், கால்களின் ஓரத்தில் சின்ன மயிரும் முள்ளும் மின்னும்.

கிச்சா

நான் போன வாரம் எடுத்தது இது, குச்சிப்பூச்சிதானே? [படம்] புல்லில் இருந்தது, நீளமா, பச்சையா.

லேப்_எலி

இல்லை கிச்சா, அது புல் கும்பிடுபூச்சி. முன்னங்காலைப் பாருங்கள், மடக்கி வைத்திருக்கிறது, உட்புறம் முள் வரிசை இருக்கிறது. கண்கள் கூம்பு மாதிரி கூராக நீண்டிருக்கின்றன. ஸ்கிசோசெபாலா, நம் ஊர்ப் புல்வெளிகளில் சாதாரணம். குச்சிப்பூச்சியின் முன்னங்கால் நடக்க மட்டும்தான், பிடிக்க அல்ல. ஆனால் படம் அழகாக இருக்கிறது.

கிச்சா

ஓ சரி. நன்றி சார். தலைப்பை மாற்றிவிடுகிறேன்.

வத்தலக்குண்டு_வாசி

போய்விட்டு வந்துவிட்டேன். எல்லோர் சொன்னதையும் கேட்டுத்தான் செய்தேன்.

கடித்த இலை முறை அப்படியே வேலை செய்தது. தோட்டக்காரர் வேலியில் இரண்டு இடம் காட்டினார். ஒன்று பழைய ரோஜாப் புதர், இன்னொன்று பெயர் தெரியாத ஒரு உள்ளூர்ச் செடி. ரோஜாவில் பச்சைப் பூச்சி, அந்தச் செடியில் பழுப்பு. பழுப்பை மதியமும் எடுத்தேன், இரவும் எடுத்தேன். லேப்_எலி சொன்ன மாதிரி இரவில் கருத்துத்தான் இருந்தது. ஒரே வெள்ளைச் சமநிலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

கீழே உள்ள மூன்றாவது படம் அந்தியில் எடுத்தது. பூச்சி இலையின் விளிம்பை இரண்டு முன்னங்காலாலும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழாக இறக்கி இறக்கிக் கடித்தது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் விளிம்பில் ஒரு கீற்று குறையும். அடிவரை போனதும் தலையை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோகும். கடிபட்ட வளைவு அதன் தலை போய்வந்த வளைவேதான். இந்தப் படத்தில் ஷட்டர் மெதுவாக இருந்ததால் தலை கொஞ்சம் கலங்கியிருக்கிறது, ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பின்னால் பள்ளத்தாக்கில் மேகம் ஏறுவதும் தெரிகிறது.

குஞ்சும் ஒன்று கிடைத்தது. சேமியாத் துண்டு மாதிரி இருந்தது, ஆறு காலோடு. அதற்குத்தான் ஒன்றுக்கு ஒன்று தேவைப்பட்டது.

மேக்ரோமணி

மூன்றாவது படம் அருமை. வலது ஓரத்தில் இருக்கும் வெளிச்சமான இலையை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள், கண் அங்கே ஓடுகிறது. தலை கலங்கியது குறையே இல்லை, தின்கிறது என்று சொல்வதே அதுதான். அடுத்த தடவை ஃப்ளாஷை ஷட்டர் மூடும் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள், அசைவின் தடம் பின்னாலும் கூர்மையான தலை முன்னாலும் வரும்.

சுள்ளி

நான் இதைத் தனிக் கிளையில்தான் எடுத்திருப்பேன். ஆனால் அந்த மேகம் கிடைத்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

லேப்_எலி

பகல், இரவு ஜோடி அபாரம். ஆனால் கராசியஸ் மோரோசஸ் என்று இப்போதே முத்திரை குத்த வேண்டாம். அந்த மலைகளில் ஒன்றுக்கொன்று ஒத்த குச்சிப்பூச்சிகள் உண்டு, மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வயிற்று நுனியைப் பக்கவாட்டில் எடுத்தது, தலையை நெருக்கமாக எடுத்தது, நடுக்கால்களின் விளிம்பு தெரிவது, இவை இருந்தால் போடுங்கள். முட்டை கிடைத்திருந்தால் இன்னும் நல்லது. குச்சிப்பூச்சி வகைகளைப் பிரிக்க முட்டையின் வடிவம் மிகவும் உதவும். செடிக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, விதை மாதிரி, ஒரு முனையில் குமிழோடு கிடக்கும். அந்தக் குமிழுக்காகவே சில வகைகளின் முட்டைகளை எறும்பு இழுத்துக்கொண்டு போகும்.

ஐநேச்சுரலிஸ்டில் போடும்போது இடத்தை மறைத்துப் போடுங்கள். நண்பரின் வீட்டு வேலி, யாராவது பெட்டியோடு வந்து நிற்கப் போகிறார்கள்.

வத்தலக்குண்டு_வாசி

வயிற்று நுனிப் படம் இருக்கிறது, தலையும் இருக்கிறது, இன்று இரவு ஏற்றுகிறேன். முட்டை தேடவில்லை, தோட்டக்காரரிடம் சொல்கிறேன். இடத்தை மறைத்துவிடுகிறேன்.

பச்சையம் அக்கா, செடியின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "ஏதோ காட்டுச் செடி" என்று போட எனக்குப் பயம்.

பச்சையம்

😄 இலை எதிரெதிராக இருக்கிறது, ஓரத்தில் பல் இருக்கிறது, அதுவரை தெரிகிறது. இதை மட்டும் வைத்துச் சொன்னால் ஊகம்தான். இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம், முடிந்தால் பூ அல்லது காய், இவற்றைத் தோட்டக்காரரிடம் போனிலேயே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலையைக் கசக்கினால் வாசனை வருகிறதா என்றும் கேளுங்கள். ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும்.

வத்தலக்குண்டு_வாசி

கேட்டுவிட்டேன். வாசனை உண்டாம். பேர் அவருக்கும் தெரியவில்லை, அவர் வீட்டம்மாவுக்குத் தெரியுமாம், நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார். படமும் நாளைக்கு வரும்.